‘மன்னர்கள்’ ‘மன்னர்’ ஆன கதை

2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் ‘வாம்!’ என்ற ஆவணப்படம் வெளியானது. 1980களில் இங்கிலாந்தின் பாப் இசையைத் தம் வசம் வைத்திருந்த ஜார்ஜ் மைக்கேல், ஆண்ட்ரூ ரிட்ஜ்லி என்னும் இரு பள்ளி நண்பர்களின் கதை அது. கிறிஸ் ஸ்மித் இயக்கிய அப்படத்தில், நாற்காலியில் அமர்ந்து பழங்கதை பேசும் இன்றைய முகங்கள் இல்லை. பழைய காட்சிகளின்மேல் அவ்விருவரின் குரல்களே கதையை நடத்திச் செல்கின்றன. ஆண்ட்ரூவின் தாய் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டிச் சேர்த்துவைத்த புத்தகங்களே படத்தின் மூல ஆவணம்.

படம் பார்த்த அன்பர்கள் எழுதியவற்றுள் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் ஒலித்தது. ரிட்ஜ்லிக்கு இத்தனை காலம் நியாயம் செய்யவில்லையே என்பதுதான் அது. அக்காலத்துப் பத்திரிகைகள் அவரை ‘கூட நின்றவர்’ என்ற அளவில் கேலி செய்துவந்தன. படமோ, கூச்சம் மிகுந்த ஒரு சிறுவனுக்குத் துணிவூட்டி மேடைக்கு அழைத்துவந்தவர் அவரே என்று காட்டியது. அவர்களுடைய பாடல்களில் பெரும்புகழ் பெற்ற ‘கேர்லெஸ் விஸ்பர்’ 1984இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மைக்கேலின் தனிப்பாடலாக வெளிவந்தது. அதே பாடல் அமெரிக்காவில் ‘வாம்!’ என்ற பெயரையும் தாங்கி வந்தது. எழுதியவர் என்ற இடத்தில் மட்டும் எங்கும் இருவர் பெயர். இசைத்தட்டின் மேற்புறத்தில் ஒருவர் மறைய, அடியில் பொடி எழுத்தில் அவர் பிழைத்திருந்தார்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் திரையிசை அன்பருக்கு இக்கதை புதிதன்று. அவர் இதை இரண்டு மொழிகளில் இரண்டு முறை கண்டவர். அந்த ஆவணப்படம் வெளிவருவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்புதான், 2023 மே 21 அன்று, தெலுங்குத் திரையிசையமைப்பாளர் ராஜ் காலமானார். தோட்டக்கூர சோமராஜு என்பது அவரது முழுப்பெயர். என்.டி. ராமராவின் படங்களுக்கு இசையமைத்த டி.வி. ராஜுவின் மகன். அவருடைய இணையர் கோட்டி, பேரிசையமைப்பாளர் சாலூரி ராஜேஸ்வர ராவின் மகன். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் ‘ராஜ்–கோட்டி’ என்ற பெயர் இல்லாத தெலுங்குச் சுவரொட்டிகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஏ.ஆர். ரகுமான் தம் இளமையில் அவர்களிடம் பணிபுரிந்தவர். ‘ஹலோ பிரதர்’ (1994) வந்த காலத்தையொட்டி இருவரும் பிரிந்தனர். கோட்டி தனித்து ஏராளமான படங்களுக்கு இசையமைத்தார். ராஜ், ‘சிசிந்திரி’ (1995) முதலான சிலவற்றோடு மெல்ல ஒதுங்கிப்போனார். அவர் மறைந்தபோது இரங்கல் செய்திகள் பலவும் அவரைத் தனிப்பெயரால் சுட்ட இயலாமல், ‘ராஜ்–கோட்டி இரட்டையருள் ஒருவர்’ என்றே அறிமுகம் செய்தன. பிரிந்து ஏறத்தாழ முப்பதாண்டு ஆகியும் அந்த இணைப்புக்கோடு அவரை விடவில்லை.

அதே அன்பர் தமிழில் முன்னதாகவே கண்ட கதை விசுவநாதன்–ராமமூர்த்தியுடையது. அதன் போக்கு இதற்கு நேர்மாறு. அங்கே இணைப்புக்கோடே அழிந்து, இருவரில் ஒருவர் பெயர் மட்டும் எஞ்சியது. இவ்வழிவு எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுபவை எந்த அளவுக்கு ஆதாரங்கள் என்பதும் வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள்.

இக்கேள்வியைச் சென்னையிலிருந்து கேட்பதைவிடச் சித்தூரிலிருந்து கேட்பதில் ஒரு வசதி உண்டு. வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்து 1911இல் உருவான மாவட்டம் சித்தூர். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அது அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் அதைச் சார்ந்த ஊர்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் அது தனி மாவட்டமும் ஆயிற்று. கோடுகள் இவ்வாறு மாறி மாறி விழுந்தாலும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்து வீடுகளில் இரு மொழிப் பாட்டும் ஒலிப்பது நிற்கவில்லை. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒடுக்கியபோது கைகொடுத்த இலங்கை வானொலியும் தமிழ்ப்பாட்டோடு தெலுங்குப் பாட்டையும் தந்தது. பாட்டுக்கு முன் படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் ஆகியவற்றை அறிவிப்பாளர் சொல்வார். ‘விசுவநாதன் ராமமூர்த்தி’ என்பதை ஒரே மனிதரின் பெயர் என்று எண்ணிக்கொண்டு வளர்ந்த சிறுவர்கள் எல்லையின் இருபுறமும் இருந்திருப்பார்கள்.

எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அந்த நிலத்துப் பிள்ளை. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள கோனேட்டம்பேட்டையில் 1946இல் அரிகதைக் கலைஞர் ஒருவருக்குப் பிறந்தார். அப்பகுதி 1960 வரை சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. தமிழில் அவரைத் தொடக்கத்திலேயே பாடவைத்தவர்களுள் விசுவநாதன் ஒருவர். ‘சாந்தி நிலையம்’ (1969) அதற்குச் சான்று. ஆனால் அது பிரிவுக்குப் பிந்திய கதை. முந்திய கதைக்குச் சித்தூரின் பெயரையே தம் பெயரோடு சுமந்த இன்னொருவரிடம் செல்லவேண்டும்.

சித்தூர் வி. நாகையா குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர். சித்தூரின் ராம விலாச சபை நாடக மேடையில் புகழ்பெற்றதனால் ஊர்ப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ‘தியாகய்யா’ (1946) படத்தைத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்துப் பாடியவர். ஒரு பெயருக்குள் நான்கு வேலைகள். பத்தாண்டு கழித்து, பி.எஸ். ரங்கா இரு மொழிகளில் எடுத்த ‘தெனாலி ராமகிருஷ்ண’, ‘தெனாலி ராமன்’ (1956) படங்களில் மகாமந்திரி திம்மரசு வேடம் நாகையாவுக்கு. கிருஷ்ணதேவராயராக என்.டி. ராமராவ். தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவும் தமிழில் சிவாஜி கணேசனும் விகடகவியாக வந்தனர். திருமலைக் கோயிலில் தம் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அந்த ராயரின் வெண்கலச் சிலையைக் காணாத திருப்பதிவாசி இல்லை. அவருடைய அரசவையைத் திரையில் இரு மொழியிலும் இசையால் நிறைத்தவர்கள் விசுவநாதனும் ராமமூர்த்தியும். இரு பெயருக்குள் ஒரு வேலை.

இவ்விருவரும் இணைந்தது ஒரு சாவின் நிழலில். சி.ஆர். சுப்பராமன் 1952இல் முப்பது வயது நிறையுமுன் இறந்தார். அவரது குழுவில் ராமமூர்த்தி வயலின்காரர், விசுவநாதன் ஆர்மோனியக்காரர். ‘தேவதாஸ்’ உட்பட அவர் விட்டுச்சென்ற பணிகளை இருவரும் சேர்ந்து முடித்துக்கொடுத்தனர். அவ்வாண்டு இறுதியில் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ அவர்கள் பெயரில் வெளியாயிற்று. ராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரர். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுபிடி வேலையிலிருந்து எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்தை அடைந்தவர். மூத்தவரும் இசைக் குடும்பத்தவருமான ராமமூர்த்தியின் பெயர் பின்னே வந்தது. இது கலைவாணரின் ஏற்பாடு என்று திரையுலகில் சொல்வதுண்டு. இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் இணை அப்போது கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. அதன் ஓசை நயம் இதிலும் படிந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், எழுத்தில் பின்னே நிற்பவர் நினைவிலும் பின்னே தள்ளப்படுவதற்கு அது முதற்படி.

1952 முதல் 1965 வரை அவர்கள் செய்தவற்றை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ‘பாகப்பிரிவினை’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’ என்ற பெயர்களே போதும். தெலுங்கில் ‘இண்ட்டிகி தீபம் இல்லாலே’ (1961), ‘மஞ்சி செடு’ (1963) போன்றவை. 1963 ஜூன் மாதம் திருவல்லிக்கேணி கல்ச்சுரல் அகாடமி எடுத்த விழாவில் சிவாஜி கணேசன் கையால் அவர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. பட்டம் பன்மையில் இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்தது, அதோடு பிரிந்தனர். பிரிவின் காரணமாக நாலைந்து கதைகள் உலவுகின்றன. அவற்றுள் எது மெய் என்று ஆராய்வது வம்புக்குப் பயன்படுமேயன்றி இசை வரலாற்றுக்குப் பயன்படாது. வரலாற்றுக்கு முக்கியமானது பிரிவுக்குப் பின் நிகழ்ந்த கணக்கெடுப்பு. விசுவநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்குத் தனித்து இசையமைத்தார். ராமமூர்த்திக்குக் கிடைத்தவை இருபதைத் தாண்டவில்லை. இவ்வேறுபாட்டைக் கண்ட அன்பர் கூட்டம் பின்னோக்கிக் கணக்குப் போட்டது. பின்னால் அதிகம் செய்தவரே முன்னாலும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. ‘மெட்டு விசுவநாதனுடையது, வாத்தியக் கோப்பு ராமமூர்த்தியுடையது’ என்ற வாய்பாடு அதிலிருந்து பிறந்தது. அறுபது ஆண்டுகளாகத் தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும், இப்போது காணொளிகளின் அடியிலும் அது சொல்லப்பட்டு வருகிறது.

இவ்வாய்பாட்டைச் சோதிக்கத் தனித்தனி வழிகள் பிரிந்த பிறகு வந்த படங்களே போதும். ராமமூர்த்தி தனித்து இசையமைத்த ‘சாது மிரண்டால்’ (1966), ‘தேன்மழை’ (1966), ‘நான்’ (1967), ‘மூன்றெழுத்து’ (1968), ‘தங்கச் சுரங்கம்’ (1969) ஆகியவற்றைக் கேட்டவர், அவருக்கு மெட்டமைக்க வராது என்று சொல்லமாட்டார். விசுவநாதன் தனித்து இசையமைத்த ‘அன்பே வா’ (1966), ‘சிவந்த மண்’ (1969), ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) ஆகியவற்றைக் கேட்டவர், அவருக்குப் பெரிய இசைக்குழுவைக் கையாள இன்னொருவர் தயவு வேண்டியிருந்தது என்று சொல்லமாட்டார். இருவருக்கும் இரண்டும் தெரியும். அவ்வாறாயின், 1961இன் ஒரு பாட்டில் எந்தச் சங்கதி யாருடையது என்று இன்று எவரும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. படம் குறைவாகக் கிடைத்தது சந்தையின் தீர்ப்பு. அதைத் திறமையின் தீர்ப்பாகப் படிப்பது பிழை.

ஆனால் வாய்பாட்டுக்கு வலுவூட்டும் இன்னொரு சான்று வகை இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கண்ணதாசனைச் சுற்றி எழுந்த ‘பாட்டுப் பிறந்த கதைகள்’தாம் அவை. கவிஞர் காத்திருக்கவைத்தார், இசையமைப்பாளர் கோபித்தார், அந்தக் கோபமே பல்லவி ஆயிற்று என்ற போக்கிலான நூறு கதைகள். அவற்றில் எல்லாம் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருப்பவர் ‘விசு’ ஒருவரே. ராமமூர்த்தி அவ்வறையில் இல்லாதவர் போலவே கதை நடக்கும். இங்கே சான்றின் வயதைப் பார்க்கவேண்டும். கண்ணதாசன் 1981இல் மறையும்வரை, அதாவது பிரிவுக்குப் பின்னும் பதினாறு ஆண்டுகள், விசுவநாதனோடு பணியாற்றினார். கதைகளைச் சொன்னவர்களும் பெரும்பாலும் இவ்விருவரும் இவர்களைச் சூழ்ந்தவர்களும். விசுவநாதன் தொலைக்காட்சி மேடைகளில் அமர்ந்து அவற்றைச் சொன்னதோ 1990களிலும் 2000களிலும். பிந்திய பதினாறு ஆண்டுகளின் அறை அமைப்பு, முந்திய பதின்மூன்று ஆண்டுகளின்மேல் போர்த்தப்பட்டுவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. பேசத் தெரிந்தவரின் நினைவு, பேசாதவரின் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது, அவ்வளவே. வயலின் பிடித்த கைக்குக் கதை சொல்லும் பழக்கம் குறைவு.

ஆவணப்படம் என்ற வடிவம் இத்தகைய சிக்கலை அவிழ்க்க வல்லது என்பதற்குப் பீட்டர் ஜாக்சனின் ‘கெட் பேக்’ (2021) எடுத்துக்காட்டு. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவைப் பிடித்த ஏறத்தாழ 60 மணி நேரப் படச்சுருளிலிருந்து அது தொகுக்கப்பட்டது. லெனன் வந்துசேரும் முன் மெக்கார்ட்னி கிதாரை மீட்டி மீட்டி ஒரு பாட்டை ஒன்றுமில்லாததிலிருந்து வரவழைக்கும் காட்சியைக் கண்டு அன்பர் உலகம் திகைத்தது. ‘லெனன்–மெக்கார்ட்னி’ என்ற கூட்டுக் கையெழுத்துக்குப் பின்னால் இருந்த வேலைமுறையைக் கண்ணால் கண்ட தருணம் அது. 1960களின் கோடம்பாக்கத்துக்கு அத்தகைய படச்சுருள் குவியல் ஏதும் இல்லை.

இருப்பதில் மிக நெருங்கியது ஒரு கதைப்படத்துக்குள் உள்ளது. ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் நாகேஷின் ஆட்டத்தோடு வரும் பாட்டில் ஒலிப்பதிவுக் கூடமே காட்சியாகிறது. டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கி முன் நிற்கிறார், இசைக்குழு வாசிக்கிறது, விசுவநாதன் கையசைத்து நடத்துகிறார். படத்துக்காக நடித்துக் காட்டப்பட்ட ஒலிப்பதிவுதான் அது. எனினும் அறுபதாண்டாக அன்பர்கள் அதைச் சாட்சியமாகவே பார்த்து வருகின்றனர். வெற்றுக் கண்ணுக்கு அங்கே ஓர் இசையமைப்பாளர் தென்படுகிறார், கையசைப்பவர் அவர். படக்கருவியின் இயல்பு அப்படி. வில் இழுப்பவர் கூட்டத்தில் ஒருவராகிவிடுவார், கை வீசுபவர் நாயகராகிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படத்தை இயக்கியவர்களும் இரட்டையரே. கிருஷ்ணன்–பஞ்சு இருவரும் கடைசிவரை பிரியவில்லை. எந்தக் காட்சி கிருஷ்ணனுடையது, எது பஞ்சுவுடையது என்று எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை. ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியிலும் திருவீழிமிழலை சகோதரர்களின் நாகசுரத்திலும் பங்கு பிரித்துக் கேட்ட சுவைஞர்கள் அரிது. பிரிவு நேர்ந்தால்தான் பாகப்பிரிவினை தேவைப்படுகிறது. விசுவநாதன்–ராமமூர்த்தி பற்றிய அன்பர் வழக்கு 1965க்குப் பின் எழுந்த வழக்கு. 1965க்கு முந்திய பாட்டுப் புத்தகங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால், ஓரணாவுக்குத் திரையரங்க வாசலில் விற்ற அந்த மெல்லிய தாள்களில் இருவர் பெயரும் ஒன்றாகவே கிடக்கின்றன.

மொழியே இந்த மாற்றத்தைப் பதிவுசெய்திருக்கிறது. 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்றிருந்த பட்டம், பிரிவுக்குப் பின் ‘கள்’ விகுதியை இழந்தது. இலக்கண விதிப்படி இருவரும் தனித்தனி ‘மன்னர்’ ஆகவேண்டும். படங்களின் பெயர்ப் பட்டியல்கள் ராமமூர்த்திக்கும் அப்பட்டத்தைத் தரவே செய்தன. வழக்கில் அது நிற்கவில்லை. இன்று எந்தத் தமிழரிடம் ‘மெல்லிசை மன்னர் யார்’ என்று கேட்டாலும் எம்.எஸ்.வி. என்ற மூன்றெழுத்தே விடையாக வரும். அடைமொழி ஒருவரிடம் குடியேறியதும், அது சூட்டப்பட்ட காலத்துப் பாடல்களும் அவரைத் தேடிச் சென்றன. ‘மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. பாடல்கள்’ என்ற தலைப்பிட்ட தொகுப்புகளில் ‘பாசமலர்’ பாட்டும் ‘பாலும் பழமும்’ பாட்டும் தயக்கமின்றி இடம்பெறுகின்றன. தொகுப்பவர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. ‘மன்னர்’ ஒருவரே என்று நம்புகிறார்.

தெலுங்கில் நிலைமை சற்று வேறு. அங்கே விசுவநாதனின் பெரும்புகழ் பிரிவுக்குப் பின் வந்த படங்களால் உண்டானது. ‘லேத மனசுலு’ (1966), பாலசந்தரின் ‘அந்துலேனி கதா’ (1976), ‘மரோ சரித்ர’ (1978), ‘இதி கத காது’ (1979) என்பவை அதன் படிகள். தமிழ் இளைஞன் ஒருவனும் தெலுங்குப் பெண் ஒருத்தியும் மொழி தெரியாமல் காதலிக்கும் ‘மரோ சரித்ர’வை எல்லைப்புற அன்பர்கள் தம் வீட்டுக் கதையாகவே பார்த்திருப்பார்கள். அதில் விசுவநாதனின் இசையில் பாலசுப்பிரமணியம் பாடினார். இந்த எம்.எஸ்.வி.க்கும் 1956இல் நாகையாவும் ராமராவும் நடித்த படத்தின் இரட்டையருக்கும் இடையே தெலுங்கு நினைவில் இருபதாண்டு இடைவெளி இருக்கிறது. பழைய அடுக்கு புதிய அடுக்கோடு கரையாமல் நின்றதற்கு அவ்விடைவெளியே காரணம் எனலாம். தமிழிலோ 1965க்கும் 1966க்கும் நடுவே மூச்சுவிடவும் இடம் இல்லை. ஒரே ஆறு ஓடுவதுபோல் இசை ஓடியது, கரையில் ஒருவர் இறங்கிக்கொண்டது தெரியவில்லை. இரு மொழியும் கேட்கும் சித்தூர் அன்பர், சென்னை அன்பருக்கு எளிதில் புலப்படாத மடிப்பை உணரக்கூடியவர் என்று கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்தி உலகில் ஒருவர் வேறு வழியைத் தேர்ந்தார். 1971இல் ஜெய்கிஷன் இறந்தபின்னும் சங்கர் தம் படங்களைச் சங்கர்–ஜெய்கிஷன் என்ற பெயரிலேயே தொடர்ந்தார். தமிழில் சங்கர்–கணேஷ் இணையின் சங்கர், விசுவநாதனும் ராமமூர்த்தியும் எவருடைய குழுவிலிருந்து வந்தார்களோ அந்தச் சுப்பராமனின் தம்பி. இவர்களிடம் பயின்றுவிட்டு 1967இல் ‘மகராசி’ படத்தோடு அவ்விணை தொடங்கியது, ஆசிரியர்களின் இணை உடைந்து இரண்டே ஆண்டுகள் கழித்து. உடைந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் புதுவீடு கட்டத் துணிந்தவர்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

முப்பதாண்டு கழித்து, 1995இல், சந்தான பாரதி இயக்கிச் சத்யராஜ் நடித்த ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு விசுவநாதனும் ராமமூர்த்தியும் மீண்டும் சேர்ந்து இசையமைத்தனர். அது இளையராஜாவும் ரகுமானும் கோலோச்சிய காலம். படம் பெரிதாகப் பேசப்படவில்லை. சேர்ந்தார்கள் என்ற செய்திக்குக் கிடைத்த மகிழ்ச்சி அப்பாடல்களுக்குக் கிடைக்கவில்லை. அன்பர்கள் விரும்பியது 1961ஐ, கிடைத்தது 1995. இரட்டையர் மீண்டும் கூடும் இடங்களிலெல்லாம் இந்த ஏமாற்றம் பதுங்கியிருக்கும் போலும்.

2012 ஆகஸ்டில் ஜெயா தொலைக்காட்சியின் விழாவில், முதலமைச்சர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தையும், ஆளுக்கு 60 பொற்காசுகளையும், ஆளுக்கு ஒரு மகிழுந்தையும் வழங்கினார். கணக்கில் சிறிதும் ஏற்றத்தாழ்வு இல்லை. தமிழ்நாட்டில் இவ்விருவருக்கும் சரிபாதி அளந்து தரப்பட்ட அரிதான தருணம் அது. ராமமூர்த்திக்கு அப்போது தொண்ணூறு வயது. நடுவண் அரசின் பத்ம விருதுகள் இருவரையும் எட்டிப்பார்க்கவில்லை. அதிலும் ஒரு சமநீதி இருந்தது. 2013 ஏப்ரல் 17 அன்று ராமமூர்த்தியும் 2015 ஜூலை 14 அன்று விசுவநாதனும் சென்னையில் காலமாயினர்.

இனி இவ்விருவரைப் பற்றி எவரேனும் படமெடுக்க முனைந்தால் அவருக்கு ரிட்ஜ்லியின் தாய் சேர்த்தது போன்ற ஒட்டுப் புத்தகம் கிடைப்பது அரிது. கிடைக்கக்கூடியவை வேறு. 78 சுழற்சி இசைத்தட்டுகளின் நடுவட்டத் தாள்கள் பழைய பொருள் கடைகளில் இன்னும் தென்படுகின்றன. இரு மொழிப் பாட்டுப் புத்தகங்கள் சித்தூர், புத்தூர்ப் பக்கத்து வீட்டுப் பரண்களில் கிடக்க வாய்ப்புண்டு. இவற்றைவிட அவசரமானது ஒன்று உண்டு. 1960களின் ஒலிப்பதிவுகளில் பின்வரிசையில் அமர்ந்து வயலினும் தபலாவும் குழலும் வாசித்தவர்களில் எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். மெட்டு எந்தக் கையிலிருந்து வந்தது, குறிப்புத்தாளை யார் நீட்டினார், எந்த இடத்தில் ராமமூர்த்தி வில்லை நிறுத்தித் திருத்தம் சொன்னார் என்பதை அருகிருந்து கண்டவர்கள் அவர்கள். இதுவரை வந்த பேட்டிகளில் அவர்களிடம் பெரும்பாலும் எம்.எஸ்.வி.யைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள்.